மொய் எழுதும் ஆப்: வரிசை நின்றால் பந்தி நிற்கும்!

மொபைல் போனுக்கு ஆப் எழுதக் கற்றுக்கொள்ளும் வாசகர்கள் முதலில் எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் ஒரு கால்குலேட்டர். அடுத்தது, செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிடும் ஆப். இரண்டுமே எல்லா போன்களிலும் ஏற்கனவே இருக்கின்றன. எழுதி முடித்த மறுநாள் நாமே அதைத் திறந்து பார்ப்பதில்லை. கோடிங் எங்கே மெதுவாகிறது, எங்கே தப்பாகிறது என்பதும் இவற்றில் தெரிய வராது. பத்து வரி டேட்டாவுக்கு எப்படி எழுதினாலும் ஆப் வேகமாகத்தான் ஓடும்.

எனவே நம் பக்கத்தில் உண்மையாகவே தேவைப்படும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபம். பந்தி நடக்கும் இடத்துக்கு அருகில் ஒரு மேசை. அதில் ஒரு நோட்டு, ஒரு பேனா, பணம் வைக்க ஒரு பெட்டி. "கோட்டையூர் வள்ளியப்பன், ஐநூத்தி ஒண்ணு" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். அந்த மொய் நோட்டைத்தான் மொபைலுக்குக் கொண்டுவரப் போகிறோம்.

இது விளையாட்டு வேலை அல்ல. நகரத்தார் திருமணங்களில் மொய்ப்பண ஏடு எழுதுவது சடங்குகளில் ஒன்றாகவே இருக்கிறது. மற்ற சமூகத்தினரிடம் மொய் என்பது பெரும்பாலும் திரும்பச் செய்ய வேண்டிய கடன். பக்கத்து புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமும், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி பக்கமும் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். கோடிக்கணக்கில் மொய் சேர்ந்ததாக நாளிதழ்களில் செய்தி வந்ததுண்டு. நவம்பர் 2018-ல் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு, கொடுத்த மொய்யைத் திரும்ப வாங்க முடியாமல் பலர் தவித்தார்கள். ஒருவர் செய்த 5,000 ரூபாய் நம் பதிவில் விடுபட்டுப் போனால், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் 500 ரூபாயுடன் போய் நிற்போம். பல தலைமுறை உறவு முறிவதற்கு அது போதும்.

நேரத்தையும் கணக்கிடுவோம். மொய் செய்பவர்கள் 800 பேர். மேசை இரண்டு. எல்லோரும் வருவது முகூர்த்தம் முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள். ஒரு மேசைக்கு 400 பேர், 7,200 விநாடி. ஆக ஒருவருக்கு 18 விநாடி! இதற்குள் பெயரைக் கேட்க வேண்டும், டைப் செய்ய வேண்டும், பணத்தை எண்ண வேண்டும், ரசீது கொடுக்க வேண்டும். இதில் சாப்ட்வேர் எடுத்துக்கொள்ளக் கூடிய நேரம் ஒன்றிரண்டு விநாடிதான்.

ஆண்ட்ராய்ட் போனுக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோ இலவசம். மொழி கோட்லின் அல்லது ஜாவா, எது பழக்கமோ அது. டேட்டாபேஸ், ஆண்ட்ராய்டிலேயே இணைந்து வரும் எஸ்க்யூலைட். கீழே உள்ள குறிப்புகளில் பெரும்பாலானவை ஐபோனுக்கும் பொருந்தும்.

டைப் செய்வதைக் குறையுங்கள்

வேகம் என்றதும் புராசஸரையும் ராம் மெமரியையும் பற்றியே நினைக்கிறோம். மொய் மேசையில் அதிக நேரம் எடுப்பது விரல்தான். "முத்துக்கருப்பன்" என்று மொபைல் கீபோர்டில் ஒருவர் எழுதி முடிப்பதற்குள் ஆப் நூறு முறை தேடிவிடும். எனவே முதல் வேலை, டைப் செய்வதைக் குறைப்பது.

ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தார் ஊர்கள் எழுபதுக்கும் மேல். மற்ற ஊர்களையும் சேர்த்தால் 300 வரலாம். இவ்வளவு சிறிய பட்டியலுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் டேட்டாபேஸைத் தட்ட வேண்டியதில்லை. ஆப் திறக்கும்போதே எல்லா ஊர்களையும் மெமரியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எழுத்து அடித்ததும் பட்டியல் கீழே வந்துவிட வேண்டும். கடைசியாகப் பயன்படுத்திய ஊர்கள் மேலே வரட்டும். ஒரு வேனில் வந்தவர்கள் ஒன்றாகவே மொய் செய்வார்கள் அல்லவா? அடுத்த ஆளுக்கும் அதே ஊர்தான்.

கோவில் பிரிவும் அப்படியே. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என நகரத்தாருக்கு ஒன்பது கோவில்கள். இந்த எண்ணிக்கை மாறப் போவதில்லை. எனவே ஒவ்வொரு பதிவிலும் முழுப் பெயரையும் எழுதி வைக்காமல் 1 முதல் 9 வரை ஓர் எண்ணை மட்டும் சேமித்தால் போதும். திரையில் காட்டும்போது பெயராக மாற்றிக்கொள்ளலாம்.

தொகைக்கு 101, 201, 501, 1001, 2001, 5001 என்று பட்டன்கள் வைத்துவிடுங்கள். வேறு தொகை என்றால் மட்டும் எண் கீபோர்டு வரட்டும். ரொக்கமா, யூபிஐயா என்றும் ஒரு பட்டன் தேவை. ஜனவரி 2021-ல் மதுரைத் திருமணம் ஒன்றில் அழைப்பிதழிலேயே கியூஆர் கோட் அச்சிட்டது செய்தியானது நினைவிருக்கலாம். இரண்டையும் பிரித்து வைக்காவிட்டால் இரவு பெட்டியில் உள்ள பணத்துடன் கணக்கு சேராது.

கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு

தமிழில் ஆப் எழுதுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

"காரைக்குடி" என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? கா, ரை, க், கு, டி என ஐந்து. புரோகிராமிடம் நீளம் கேட்டால் 10 என்று சொல்லும். ஏனென்றால் யூனிகோடில் "கா" என்பது "க" என்ற ஒரு குறியும் துணைக்கால் என்ற இன்னொரு குறியும் சேர்ந்தது. "க்" என்பது "க" மற்றும் புள்ளி. இதே சொல்லை யூடிஎஃப்-8 முறையில் பைலாகச் சேமித்தால் 30 பைட். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் தேவை. எனவே "பெயர் 20 எழுத்துக்கு மேல் கூடாது" என்று ஆங்கில வழக்கப்படி எல்லை வைத்தால், தமிழில் பத்துப் பன்னிரண்டு எழுத்திலேயே பெயர் வெட்டுப்படும். வெட்டும் இடம் நடுவில் விழுந்தால் புள்ளி போய் "க்" என்பது "க" ஆகிவிடும்.

நன்றி சொல்லி எஸ்.எம்.எஸ். அனுப்புவதிலும் இதே கணக்கு வரும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள். தமிழ் கலந்தால் 70 குறிகள் மட்டுமே. "தங்கள் மொய் ரூ.1001 பெற்றுக்கொண்டோம். நன்றி." என்பது 44 குறிகள். இதனுடன் இடைவெளி விட்டு "முத்துக்கருப்பன்", "காரைக்குடி" என்று சேர்த்தால் 72. இரண்டே குறிகள் கூடியதால் அது இரண்டு செய்தியாகி, செலவும் இரட்டிப்பாகும்! அனுப்பும் முன்பு நீளம் பார்த்து, தாண்டினால் ஊரை விட்டுவிடும்படி எழுதுங்கள்.

அடுத்தது தேடல். "கோனாபட்டு" என்று டைப் செய்கிறீர்கள். "கோ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துடன் "ோ" என்ற ஒரே குறி சேர்ப்பது ஒரு விதம். ககரத்துடன் இரட்டைக் கொம்பு தனியாக, துணைக்கால் தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். பழைய பைலிலிருந்து கன்வெர்ட் செய்து ஏற்றிய பெயர் ஒரு விதமாகவும், இன்று கீபோர்டில் அடித்த பெயர் இன்னொரு விதமாகவும் இருந்தால், இருக்கும் பெயரையே "இல்லை" என்று ஆப் சொல்லும். மொய் நோட்டைப் பொறுத்தவரை, ஆப் நின்று போவதைவிட இது மோசம். நின்று போனால் தெரிந்துவிடும். இது தெரியாது.

இதற்குத் தீர்வு எளிது. ஜாவாவிலும் கோட்லினிலும் நார்மலைசர் என்று ஒரு வசதி உள்ளது. அதில் என்.எஃப்.சி. என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, டேட்டாபேஸுக்குள் போகும் ஒவ்வொரு சொல்லையும், தேடும் சொல்லையும் அதன் வழியாக அனுப்புங்கள். ஒ, ஓ, ஔ வரிசைக் குறிகள் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

ஆனால் எல்லாம் இதில் சரியாவதில்லை. "கௌரி" என்பதை ஒற்றைக் கொம்பும் "ள" என்ற முழு எழுத்தும் சேர்த்து எழுதுபவர்கள் நிறைய. "ஸ்ரீ" என்பதும் இரண்டு வேறு குறி வரிசைகளில் எழுதப்படுகிறது. பல எழுத்துருக்களில் ஒரே வடிவமாகத் தெரியும். "எ" என்ற எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழைப் போட்டுவிடுவதும் உண்டு. நார்மலைசர் இவற்றைத் தொடாது.

எனவே ஒவ்வொரு பதிவிலும் பெயருக்கு இரண்டு பீல்டுகள் வைக்கும்படி பரிந்துரைக்கிறேன். ஒன்று, அவர் சொன்னபடி எழுதிய பெயர். இதில் கை வைக்காதீர்கள். இரண்டாவது, தேடுவதற்கு மட்டும். இதில் "ௌ" வரும் இடங்களை எல்லாம் கொம்பும் "ள"-வும் ஆக்கிவிடுங்கள். ஸ்ரீயை ஒரே விதமாக்குங்கள். இடைவெளி, புள்ளிகளை நீக்குங்கள். தேடும் சொல்லுக்கும் இதையே செய்யுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி மாறுவதால் ஒப்பிடுதல் சரியாக இருக்கும். பார்ப்பதற்கு அந்த பீல்டு அலங்கோலமாக இருக்கும்தான். அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

புள்ளியை நீக்கச் சொல்வதற்குச் செட்டிநாட்டில் தனிக் காரணம் உண்டு. இங்கே இனிஷியல் என்பது ஓர் எழுத்து அல்ல. "ராம.சித." என்று விலாசமே பெயருக்கு முன் வரும். ஒருவர் இடைவெளி விட்டு எழுதுவார், ஒருவர் விடாமல் எழுதுவார். விலாசத்துக்குத் தனி பீல்டு கட்டாயம் கொடுங்கள். ஒரே எழுத்துதான் ஏற்கும் இனிஷியல் கட்டத்தை எங்கிருந்தாவது காப்பி செய்து வைத்துவிட வேண்டாம்.

அதே போல, பெயரை வைத்து ஆளை அடையாளம் காணாதீர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது இங்கே வழக்கம். ஒரே ஊரில் ஒரே விலாசத்தில் இரண்டு வள்ளியப்பன்கள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஐ.டி. எண் இருக்க வேண்டும். ஒரே பெயர் வந்தால் ஆப் தானாகச் சேர்த்துவிடாமல், "இவரா, அவரா?" என்று கேட்க வேண்டும்.

அகர வரிசை

பட்டியலை வெறுமனே வரிசைப்படுத்தினால், யூனிகோடில் எழுத்துகள் அடுக்கப்பட்ட எண் வரிசையில்தான் வரும். அந்த அடுக்கில் "ந" முடிந்ததும் "ன" வந்துவிடுகிறது. நம் வரிசையில் "ன" கடைசி. அதனால் வயிரவன், வள்ளியப்பன், வனஜா என்று வர வேண்டிய பட்டியல், வனஜா, வயிரவன், வள்ளியப்பன் என்று வரும். புள்ளி வைத்த எழுத்துகளும் இடம் மாறும். பெரியவர் ஒருவர் பட்டியலில் தன் பெயரை அது இருக்க வேண்டிய இடத்தில் தேடிவிட்டு, "என் பேரைக் காணோமே" என்பார்.

கொலேட்டர் என்ற வசதியைத் தமிழுக்கு அமைத்துப் பயன்படுத்தினால் சரியான வரிசை கிடைக்கும். ஆனால் அது சாதாரண ஒப்பிடுதலைவிட மெதுவானது. 5,000 பெயர்களை வரிசைப்படுத்த ஐம்பதாயிரம் முறைக்கு மேல் ஒப்பிட வேண்டியிருக்கும். பட்டியல் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது வீண். பெயரைச் சேமிக்கும்போதே கொலேட்டரிடம் வரிசைச் சாவி ஒன்றை வாங்கி மூன்றாவது பீல்டில் வைத்துவிடுங்கள். அந்தச் சாவிகளைப் பைட் பைட்டாக ஒப்பிட்டாலே தமிழ் வரிசை வந்துவிடும். அந்த பீல்டுக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டுவிட்டால் வரிசைப்படுத்தும் வேலையே இல்லை.

இண்டெக்ஸ் என்றால் என்ன என்று செட்டிநாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அன்றன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது குறிப்பு. அதையே ஆள் வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. ஒருவர் கணக்கைப் பார்க்கக் குறிப்பு முழுவதையும் புரட்டாமல் பேரேட்டில் அவர் பக்கத்தைத் திறப்பார்கள். பர்மா, மலேயாவில் லேவாதேவி நடத்தியவர்கள் மின்சாரம் இல்லாமலே செய்த வேலையைத்தான் எஸ்க்யூலைட் செய்கிறது. பேரேட்டுக்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு வரவையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். இண்டெக்ஸும் அப்படித்தான். எல்லா பீல்டுக்கும் இண்டெக்ஸ் போட்டால் தேடல் வேகமாகும், எழுதுவது மெதுவாகும். தேடல் பெயர், ஊர், வரிசைச் சாவி ஆகிய மூன்றுக்கு மட்டும் போதும்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போகும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். தேடுவதற்கு லைக் என்ற கட்டளையில் சொல்லின் இரு பக்கமும் சதவீதக் குறி போட்டால், எஸ்க்யூலைட் எல்லா வரிகளையும் புரட்டும். பின்பக்கம் மட்டும் போட்டாலும், சாதாரண அமைப்பில் இண்டெக்ஸைத் தொடாது. லைக் ஆங்கிலத்தில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை; சாதாரண இண்டெக்ஸ் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப் போகாததுதான் காரணம். இதற்குப் பதில், "இந்தச் சொல்லுக்குச் சமமாக அல்லது மேலே, இந்தச் சொல்லுடன் யூனிகோடின் மிகப் பெரிய குறி ஒன்றைச் சேர்த்ததற்குக் கீழே" என்று எல்லை கொடுத்துத் தேடுங்கள். விடை அதே, வழி பேரேட்டு வழி.

ஒரு கல்யாணத்தின் 800 வரிகளுக்கு இதெல்லாம் தேவையா? தேவையில்லை. எல்லா வரிகளையும் புரட்டினாலும் கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் அப்பா காலத்து நோட்டுகளையும் ஏற்றி, பத்துப் பதினைந்து விசேஷங்கள் சேர்ந்து, ஒவ்வொரு எழுத்தை அடிக்கும்போதும் தேடினால் வித்தியாசம் தெரியும். அடிக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் தேடாமல், விரல் 200 மில்லி விநாடி நின்ற பிறகு தேடும்படி அமைத்தால் இன்னும் நல்லது.

எழுதியது நிற்க வேண்டும்

எஸ்க்யூலைட் வேகமானதா? அதை உருவாக்கியவர்களே தங்கள் விளக்கக் குறிப்பில், ஒரு சாதாரண டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் விநாடிக்கு 50,000 வரிகள் எழுத முடியும், ஆனால் டிரான்சாக்ஷன் என்றால் சில டஜன்கள்தான் என்கிறார்கள். அது சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குச் சொன்னது. போனில் இருப்பது பிளாஷ் மெமரி, எண்கள் மாறும். ஆனாலும் விஷயம் ஒன்றுதான். டிரான்சாக்ஷன் முடியும்போது டேட்டா உண்மையிலேயே டிஸ்க்கில் இறங்கியதா என்று காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் நேரம்.

நீங்களாக டிரான்சாக்ஷன் தொடங்காவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிரான்சாக்ஷன் தானாகவே ஏற்படும். பழைய நோட்டின் 3,000 வரிகளை ஏற்றும்போது, ஒன்றுக்கு 10 மில்லி விநாடி என்று வைத்தாலும் அரை நிமிடம். அத்தனையையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் போட்டால் பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். ஆப் வேகமாக வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை இது.

அதே யோசனையை மொய் மேசையில் பயன்படுத்தாதீர்கள்! 50 பேருடைய மொய்யைச் சேர்த்து வைத்து ஒரே முறை எழுதலாம் என்று தோன்றும். 49-வது ஆளில் போன் சார்ஜ் தீர்ந்தால் 49 பேர் காணாமல் போவார்கள். இங்கே ஒவ்வொரு மொய்யும் தனி டிரான்சாக்ஷன். அது முடிந்த பிறகுதான் ரசீது. 18 விநாடியில் 10 மில்லி விநாடி ஒரு பொருட்டே அல்ல.

இன்னொரு நுணுக்கம். ரைட் அஹெட் லாகிங் என்ற முறையை எஸ்க்யூலைட்டில் அமைத்தால், ஒருவர் எழுதும்போதே இன்னொரு பக்கம் படிக்கவும் முடியும். வேகமும் கூடும். ஆனால் இந்த முறையுடன் சிங்க்ரனஸ் என்ற அமைப்பு "நார்மல்" நிலையில் இருந்தால், போன் திடீரென்று அணைந்தால் டேட்டாபேஸ் கெட்டுப் போகாது; ஆனால் கடைசியாக எழுதிய சில வரிகள் மறைந்து போகலாம். ஆப் மட்டும் நின்று போனால் ஆபத்து இல்லை, பவர் போனால்தான். ஆண்ட்ராய்டின் பதிப்பைப் பொறுத்து இந்த அமைப்பு மாறும். டேட்டாபேஸைத் திறக்கும்போதே அதை "புல்" என்று நீங்களே அமைத்துவிடுங்கள். கொஞ்சம் மெதுவாகும். ஆகட்டும்.

இந்த வேலைகள் எதையும் திரையைக் கவனிக்கும் முதன்மைத் திரெட்டில் செய்யக் கூடாது. விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும் போனில், ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது 16 மில்லி விநாடி. அதைத் தாண்டினால் திரை திக்கும். தொட்டதற்கு ஐந்து விநாடி பதில் இல்லை என்றால், ஆப் பதில் தரவில்லை, மூடிவிடலாமா என்று ஆண்ட்ராய்டே கேட்கும். கோட்லினில் கோரூட்டின் மூலம் டேட்டாபேஸ் வேலையைப் பின்னணிக்கு அனுப்புவது சில வரி கோடிங்தான். முதன்மைத் திரெட்டில் யாராவது டிஸ்க்கைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் ஸ்டிரிக்ட் மோட் என்ற வசதியும் உள்ளது. சோதிக்கும்போது அதை ஆன் செய்து வையுங்கள்.

கூட்டுத் தொகை

பணத்துக்குப் புள்ளி வைத்த எண் வகைகளைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. மொய்யில் பைசா இல்லை. எனவே முழு ரூபாயாக, முழு எண்ணாகச் சேமியுங்கள். வழக்கமாகப் பரிந்துரைப்பது போல் பைசாவில்தான் வைப்பேன் என்றால் ஓர் எச்சரிக்கை. இன்ட் என்ற 32 பிட் எண்ணில் 214,74,83,647-க்கு மேல் போகாது. பைசாவில் அது சுமார் 2 கோடியே 14 லட்சம் ரூபாய். ஒரு பெரிய மொய் விருந்தின் மொத்தம் இதைத் தாண்டலாம். தாண்டினால் ஜாவா எந்த எச்சரிக்கையும் தராது. மொத்தம் திடீரென்று மைனஸில் போகும். எஸ்க்யூலைட்டுக்குள் எண் 64 பிட் என்பதால் அங்கே சரியாகவே இருக்கும். அதை வெளியே எடுக்கும்போது கெட்இன்ட் என்று எழுதினால்தான் கெடும். கெட்லாங் என்று எழுதுங்கள்.

ரசீது

மொய் மேசைகளில் வைக்கும் சிறிய ப்ளூடூத் பிரின்டர்களுக்கு 58 மி.மீ. அகல பேப்பர் ரோல். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்துரு தெரியாது. தமிழை அனுப்பினால் கேள்விக் குறிகளோ குப்பைகளோ வரும். தமிழை ஒரு படமாக வரைந்து அனுப்புவதுதான் வழி. இது புதிய உத்தி அல்ல. 2005 பொங்கலையொட்டி சிங்கப்பூரில் வெளியான, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், தமிழ் எழுத்துருவே இல்லாத அன்றைய ஜாவா போன்களில் தமிழைக் கொண்டுவந்தது. அந்தப் போன்களின் மெமரியோடு ஒப்பிட்டால், இன்றைய மிக மலிவான போனும் ஓர் அரண்மனை.

பிரின்டரின் அகலம் 384 புள்ளிகள். கறுப்பு வெள்ளையில் ஒரு வரிசைக்கு 48 பைட். 400 வரிசை உயரமுள்ள ரசீது 19,200 பைட். இதில் மணமக்கள் பெயர், மண்டபம், தேதி உள்ள மேல்பகுதி எல்லோருக்கும் ஒன்றே. அதை ஒரு முறை மட்டும் வரைந்து, பைட்டுகளாகவே மெமரியில் வைத்துக்கொள்ளுங்கள். மாறுகிற மூன்று வரிகளை மட்டும் புதிதாக வரையலாம்.

இதைவிட முக்கியம், ப்ளூடூத் இணைப்பை ஒவ்வொரு ரசீதுக்கும் திறந்து மூடாமல் இருப்பது. இணைப்பு ஏற்படவே ஒரு விநாடிக்கு மேல் ஆகலாம். காலையில் இணைத்துவிட்டு அப்படியே வைத்திருங்கள். அறுந்தால் பின்னணியில் மீண்டும் இணைக்கட்டும். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் தள்ளினால் மலிவு விலை பிரின்டர்களின் பபர் நிரம்பி, பாதி ரசீதுக்குப் பிறகு கோடுகளாக வரும். சிறு சிறு பட்டைகளாக அனுப்பவும். பிரின்டர் மக்கர் செய்தாலும் மொய் எழுதுவது நிற்கக் கூடாது. ரசீதுகளுக்குத் தனி வரிசை வைத்து, பேப்பர் மாற்றியதும் விட்ட இடத்திலிருந்து அடிக்கும்படி எழுதுங்கள்.

இரண்டு மேசை

மண்டபத்தில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி எழுதக் கூடாது. இரண்டு போன்களும் தனித்தனியாக எழுதட்டும்; மாலையில் சேர்த்துக்கொள்ளலாம். ரசீது எண்ணில் மேசையின் எழுத்து முன்னால் வரட்டும்: அ-101, ஆ-101. உள்ளே ஒவ்வொரு பதிவுக்கும் யூயூஐடி என்ற, வேறெங்கும் திரும்ப வராத அடையாள எண் கொடுங்கள். சேர்க்கும்போது அந்த எண் ஏற்கனவே இருந்தால் விட்டுவிட வேண்டும். யாராவது ஒரே பைலை இரண்டு முறை சேர்த்தாலும் மொய் இரட்டிப்பாகாது. எது முதலில் வந்தது என்று போனின் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு போன்களின் நேரமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

திருத்தம் செய்தால் பழைய வரியை அழிக்காதீர்கள். 500 என்று எழுதியதை 5000 ஆக்கினால் இரண்டும் தெரிய வேண்டும். பேரேட்டில் ரப்பர் வைத்து யாரும் அழிப்பதில்லை.

எழுதி முடித்ததும் உங்கள் புதிய போனில் சோதித்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரில் ஓடும் எமுலேட்டரும் ஏமாற்றும். வீட்டில் கிடக்கும் பழைய 2 ஜிபி ராம் போன் ஒன்றை எடுங்கள். 20,000 பொய்ப் பெயர்களை ஒரு சிறிய புரோகிராம் மூலம் உருவாக்கி ஏற்றுங்கள். ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவில் உள்ள புரொபைலரை ஓட விட்டு, எங்கே நேரம் போகிறது என்று பாருங்கள். நாம் சந்தேகப்பட்ட இடமாக அது பெரும்பாலும் இருக்காது. பட்டியல் திக்கினால், எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் மெமரிக்குக் கொண்டுவருகிறீர்களா என்று பார்க்கவும். ஐம்பது ஐம்பதாக எடுங்கள். அடுத்த ஐம்பதைக் கேட்கும்போது "முதல் 10,000-ஐத் தாண்டி" என்று கேட்டால், எஸ்க்யூலைட் அந்த 10,000-ஐயும் எண்ணிக் கடந்துதான் வரும். "கடைசியாகக் காட்டிய வரிசைச் சாவிக்கு மேல்" என்று கேளுங்கள். பட்டியல் எவ்வளவு நீளமானாலும் வேகம் மாறாது. பிறகு ஒரு மொய்யைச் சேமித்து ரசீது வந்த அதே நொடியில் பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி போனை வலுக்கட்டாயமாக அணைத்து, மீண்டும் திறந்து பாருங்கள். கடைசி மொய் இருக்கிறதா? இந்தச் சோதனையை இருபது முறையாவது செய்திடவும்.

கடைசியாக, கல்யாணம் முடிந்ததும் வீட்டாருக்குப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். சி.எஸ்.வி. பைலாக எழுதிக் கொடுப்பது எளிது. எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். ஆனால் விண்டோஸில் எக்ஸெல் அதை இரட்டை கிளிக்கில் திறக்கும்போது, யூடிஎஃப்-8 என்று தெரியாமல் தமிழைக் குப்பையாகக் காட்டிவிடும். பைலின் தொடக்கத்தில் பைட் ஆர்டர் மார்க் என்ற மூன்று பைட்டுகளை எழுதிவிட்டால் சரியாகத் திறக்கும். யார் எவ்வளவு செய்தார் என்பது வெளியே பரவக் கூடிய விஷயம் அல்ல. எனவே அந்தப் பைலை வாட்ஸ்அப் குழுவில் போடாமல், ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்துவிடவும். அகர வரிசையில் ஒரு பிரின்ட் அவுட்டும் எடுத்துக் கொடுத்தால், பழைய மொய் நோட்டுகளோடு அதுவும் பெட்டிக்குள் போய்விடும்.